காவல் இழந்த காவல்கள்

மைசூர் மன்னர்கள் மாடுகளுக்கென்று ஒதுக்கிவைத்த புல்வெளியில் இன்று விண்கலம் இறங்குகிறது. ஓடைகளின் பருவம் பார்த்து நடந்த ஒரு விசித்திரமான நிர்வாகத்தின் கதை.

2024 ஜூன் 23. காலை மணி ஏழைத் தாண்டிச் சில நிமிடங்கள். கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டம், சள்ளகெரே தாலுகாவின் வானத்தில் நாலரை கிலோமீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்த சினூக் ஹெலிகாப்டர், தன் வயிற்றில் தொங்கிய ஒரு குட்டி விண்கலத்தை விடுவித்தது. 'புஷ்பக்' என்று பெயர் சூட்டப்பட்ட அது, மனிதக் கை எதுவும் படாமல் தானே திசை திருத்திக்கொண்டு ஓடுபாதையின் நடுக்கோட்டுக்கு வந்து இறங்கியது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் இந்த வகைச் சோதனைகளில் இது மூன்றாவது. முதல் சோதனை 2023 ஏப்ரலிலும் இரண்டாவது 2024 மார்ச்சிலும் இதே இடத்தில்தான் நடந்தன.

இதே இடத்தில் என்பதுதான் விஷயம். மேடு பள்ளம் அதிகமில்லாத தட்டை நிலம். மழை குறைவு என்பதால் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் தெளிந்த வானம். கண்ணுக்கு எட்டிய தூரம் கட்டடம் கிடையாது, பெரிய மரங்கள்கூடச் சொற்பம். விமானம் சோதிப்பவர்களுக்கு இதைவிட வசதியான இடம் தென்னிந்தியாவில் அமைவது கடினம். ஆனால் இந்த நிலத்தின் குணங்களை முதலில் கண்டுபிடித்தவர்கள் விஞ்ஞானிகள் அல்ல. 300 வருடங்களுக்கு முன்பே மைசூர் அரண்மனையின் மாட்டு இலாகா இதையெல்லாம் அளந்து, வகை பிரித்து, பெயர் வைத்துப் பதிவேட்டில் ஏற்றியிருந்தது. அந்தப் பதிவேட்டில் இந்த நிலங்களுக்குப் பெயர் 'அம்ருத் மஹால் காவல்'.

காவல் என்ற கன்னடச் சொல்லுக்குத் தமிழ் வாசகருக்கு உரை தேவையில்லை. மாடுகளுக்காகக் காவலில் வைக்கப்பட்ட புல்வெளி. பிறர் மேய்க்கக் கூடாது, உழக் கூடாது. ஹாசன், சிக்கமகளூர், சித்ரதுர்கா, தும்கூர், மண்டியா, மைசூர் மாவட்டங்கள் வரை சிதறிக் கிடந்த இந்தக் காவல்கள் ஒரு காலத்தில் லட்சக்கணக்கான ஏக்கர் பரப்புக் கொண்டவை. இன்று மிஞ்சியிருப்பது அதில் ஒரு சிறு பங்கே. அந்த மிச்சத்தின் பெரிய துண்டுகள் சள்ளகெரே பக்கம்தான் இருந்தன. மைசூர் நகரிலிருந்து வடக்கே சுமார் 250 கிலோமீட்டர்.

ஓடைக்குப் பெயர் பள்ளம்

சள்ளகெரேவைப் பாலைவனம் என்று பூகோளப் புத்தகம் சொல்லாது. தமிழ் இலக்கண மரபோ தயங்காமல் சொல்லும். அந்த மரபில் பாலைக்கென்று தனி நிலம் இல்லை. இன்னொரு நிலம் வறண்டு அந்தக் கோலம் கொள்கிறது. இங்கே வறள்வது முல்லை. ஆடு மாடு மேய்ப்பவர்களின் நாடு, மழை தவறினால் பாலை. மழை தவறுவதும் இங்கே அபூர்வமில்லை. ஆண்டு சராசரி 450 மில்லிமீட்டர் அளவில் நிற்கும் இந்தத் தாலுகா, கர்நாடகத்திலேயே மிகக் குறைந்த மழை பெறும் இடங்களில் ஒன்று. மேற்கே 200 கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்தில் இருக்கும் ஆகும்பேயில் 7,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைப் பிழிந்துவிட்டுச் சக்கையை இந்தப் பக்கம் அனுப்புகிறது.

வருகிற மழையும் சீராக வருவதில்லை. மே மாதத்தில் இடியோடு கொஞ்சம். ஜூன், ஜூலையில் மேகங்கள் மேலே ஓடும், தூறலோடு சரி. செப்டம்பர், அக்டோபரில்தான் உண்மையான மழை. அப்போது சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். அந்தச் சில மணி நேரத்துக்காகவே இந்த நிலத்தின் மொத்த அமைப்பும் காத்திருப்பதுபோல் இருக்கிறது.

மேற்கே சித்ரதுர்காவின் மலைத்தொடர். வடக்கு தெற்காக ஓடும் பழைய பாறை வரிசை. இன்று அதன் முகடுகளில் காற்றாலைகள் சுழல்கின்றன. அதற்குக் கிழக்கே நிலம் மெல்லத் தாழ்ந்து சமவெளியாகிறது. அடியில் கருங்கல், மேலே ஒரு முழமோ இரண்டு முழமோ செம்மண், ஆங்காங்கே கரிசல் திட்டு. சரிவு இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்தால்தான் தெரியும். முந்தைய நாள்வரை மாட்டுத்தடம் போலிருந்த கோடுகளெல்லாம் அன்று ஓடைகளாக எழுந்து ஓடும். மறுநாள் சேறு. மூன்றாம் நாள் மீண்டும் மாட்டுத்தடம்.

இந்த ஓடைகளுக்குக் கன்னடத்தில் 'ஹள்ள' என்று பெயர். பால் என்பது ஹாலு ஆனதுபோல, புலி ஹுலி ஆனதுபோல, பள்ளம் ஹள்ள ஆகியிருக்கிறது. கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அங்கே ஓடைக்குப் பெயரே பள்ளம்தான். ஈரோடு மாவட்டத்து வரட்டுப்பள்ளம், குண்டேரிப்பள்ளம் அணைகளை நினைத்துக்கொண்டால் போதும். ஊர்ப் பெயர்தோறும் ஒட்டிக்கொண்டிருக்கும் 'கெரே' (ஏரி) என்ற சொல்லையும் அணைக்கட்டைக் குறிக்கும் தமிழ்ச் 'சிறை'யோடு ஓரினம் என்று வேர்ச்சொல் அகராதி சேர்த்து வைக்கிறது. மொழி பிரிந்தாலும் தண்ணீரைப் பிடித்துவைக்கும் கவலை பிரியவில்லை.

ஏறக்குறைய ஒவ்வொரு ஹள்ளத்தின் குறுக்கேயும் ஒரு கெரே. அது நிரம்பி வழிந்தால் அடுத்த கெரே. எல்லாம் வழிந்த பின் மிச்சம் வேதவதி ஆற்றுக்கு. எத்தனை பழைய ஏற்பாடு இது என்பதற்குச் சித்ரதுர்கா அருகே சந்திரவள்ளியில் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. கதம்ப மன்னன் மயூரசர்மன் ஓர் ஏரி அமைத்ததைச் சொல்லும் கல்வெட்டு, 4-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சித்ரதுர்காக் கோட்டைக்குள் போனால் இதே ஏற்பாட்டின் சிறிய நகலைப் பார்க்கலாம். மேலே கோபாலசாமிக் குளம் நிரம்பினால் தண்ணீர் அக்கா-தங்கிக் குளத்துக்கு இறங்கும். அங்கிருந்து கோட்டைக்கு வெளியே ஊர்க் குளங்களுக்கு. 1779-ல் கோட்டையைப் பிடித்த ஹைதர் அலி, அதற்கு முன் பலமுறை முற்றுகையிட்டும் அதைச் சாய்க்க முடியாமல் போனதற்கு இந்தக் குளங்களும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். தாகத்தால் சரணடையும் கோட்டையல்ல அது.

ஆறு வறண்டாலும் தண்ணீர் எடுக்கும் வித்தை இன்னொன்று உண்டு. தும்கூர் மாவட்டத்தின் பாவகடா, மதுகிரியிலிருந்து சித்ரதுர்காவின் தென்பகுதி வரை மணல் ஆறுகளின் படுகையில் ஊற்றுக்கண் தேடித் தோண்டி, கால்வாய் வெட்டி வயலுக்குக் கொண்டுபோவார்கள். பெயர் 'தலபரிகெ'. பாலாற்றங்கரை விவசாயிகள் ஊற்றுக்கால் என்று சொல்வதும் இதே வித்தைதான். ஆழ்துளைக் கிணறுகள் வந்த பிறகு இரண்டு இடத்திலும் ஊற்றுக்கண்கள் அநேகமாக மூடிக்கொண்டன. சித்ரதுர்காவிலும் பாவகடாவிலும் ஆழத்திலிருந்து வரும் தண்ணீரில் ஃப்ளோரைடு சேர்ந்து வருவது தனிச் சோகம்.

வெண்ணெய் இலாகா

மைசூர் மன்னர்களுக்கு மாடு வந்த கதை விஜயநகரத்தில் தொடங்குகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த விஜயநகரப் பிரதிநிதியின் மந்தை, அவர்கள் ஆட்சி சரிந்தபோது மைசூர் உடையார்களின் கைக்கு வந்தது. 1672 முதல் 1704 வரை ஆண்ட சிக்க தேவராஜ உடையார் அதை ஒரு முறையான இலாகாவாக்கினார். அதற்கு வைத்த பெயர் 'பெண்ணெ சாவடி'. வெண்ணெய்ச் சாவடி. அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் அனுப்புவதுதான் தொடக்கத்தில் அதன் வேலை.

ஹைதர் அலி கண்ணுக்கு அந்த மந்தையில் வெண்ணெய் தெரியவில்லை. பீரங்கி இழுக்கும் காளைகள் தெரிந்தன. தோற்கடித்த பாளையக்காரர்களின் நல்ல மாடுகளையும் சேர்த்து மந்தையைப் பெருக்கினார். பலன் தமிழ்நாட்டு மண்ணிலேயே தெரிந்தது. 1781-ல் ஜெனரல் அயர் கூட் சிதம்பரம் கோயில் கோட்டையைத் தாக்கிப் பின்வாங்கிய சமயம், ஹைதரின் படை இரண்டரை நாளில் 100 மைல் கடந்து வந்து ஆங்கிலேயர்களுக்கும் கடலூருக்கும் நடுவே நின்றுகொண்டது. பரங்கிப்பேட்டைப் போரில் ஹைதர் தோற்றார் என்பது உண்மை. ஆனால் தோற்ற படையின் பீரங்கிகளை எதிரியின் கண் முன்னாலேயே இழுத்துக்கொண்டு போயின அந்தக் காளைகள். துரத்திப் போகக் கூட்டிடம் அந்த மாதிரி மாடுகள் இல்லை.

மகன் திப்பு சுல்தான் சாவடியின் பெயரை 'அம்ருத் மஹால்' என்று மாற்றினார். பெயரில்தான் அமுதம். இந்த இனப் பசு கறக்கும் பால் அதன் கன்றுக்கே கச்சிதம். வெளிறிய சாம்பல் உடம்பு, நீண்டு பின்னோக்கி வளைந்து நுனி கூர்ந்த கொம்பு, முன்கோபம். எல்லாமே ஓட்டத்துக்கும் இழுவைக்கும் ஆனவை. திப்பு மாட்டுக்கென்றே ஒரு ஹுக்கும்நாமா, அதாவது ஆணை நூல், பிறப்பித்தார். மந்தைகளை எப்படிப் பிரிப்பது, எப்போது எண்ணுவது, கன்றுகளை எப்போது பழக்குவது என்று அதில் ஒழுங்குகள். வருடாந்தர மாட்டுக் கணக்கெடுப்பில் அவரே வந்து நின்று நல்ல மேய்ப்பர்களுக்குப் பரிசு கொடுத்ததாக மைசூர் கெஸட்டியர் பதிவு செய்கிறது. அவரைக் கொன்று நாட்டைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அவருடைய சட்டதிட்டங்களில் பலவற்றைத் தூக்கியெறிந்தார்கள். மாட்டுச் சட்டத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

அந்த ஒழுங்கின் உயிர் நிலப் பிரிவினையில் இருந்தது. காவல்கள் மூன்று வகை. மழைக்காலக் காவல், குளிர்காலக் காவல், கோடைக் காவல். முதல் இரண்டும் மேட்டு நிலங்கள். மழையில் புல் முளைத்து, ஹள்ளங்களிலும் குட்டைகளிலும் தண்ணீர் நிற்கும்வரை மாடுகள் அங்கே. ஓடை காய்ந்ததும் மந்தை கிளம்பிவிடும். கோடைக் காவல் என்பது பெரும்பாலும் ஏரியின் உள்வாய். தண்ணீர் வற்ற வற்ற ஈரம் காயாத வண்டலில் பச்சைப்புல் கிளம்பும். கரையோரம் நிழலுக்கு மரம். மே மாதத்தில் உலகமே வெந்துகொண்டிருக்கும்போது பச்சையாக இருப்பது அது ஒன்றுதான். அதனால் வருடத்தின் மற்ற மாதங்களில் அங்கே ஒரு வாய் புல்லைக்கூடத் தொடவிடாமல் காத்தார்கள். மூன்றில் விலைமதிப்பு அதிகம் இதற்குத்தான்.

அம்ருத் மஹால் மாடு கொட்டில் கண்டதில்லை. வெயிலோ மழையோ வெட்டவெளி. காவலிலிருந்து காவலுக்கு நடந்தே வருடத்தைக் கழிக்கும். ஓடைகளின் கால அட்டவணைதான் அதன் பயண அட்டவணை. ஒரு காவல் தனியாக எதற்கும் ஆகாது. இன்ன மாதத்தில் இன்ன இடம் என்று மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு மந்தை பிழைக்கும். பின்னாளில் இந்த நிலங்களைத் துண்டு துண்டாகப் பங்கிட்ட அதிகாரிகளுக்கு இந்த ஒரு விஷயம் கடைசிவரை பிடிபடவில்லை. கோடையில் போய்ப் பார்த்தால் மேட்டுக் காவல் வெறும் பொட்டல். பொட்டல் என்றே எழுதிவிட்டு வந்தார்கள்.

இந்தியத் தீபகற்பத்துக்கு வெளியே இதற்கு உறவு தேட வேண்டுமானால் ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டும். குவீன்ஸ்லாந்தின் தென்மேற்கில் கூப்பர் கிரீக், டயமண்டினா, ஜார்ஜினா ஆறுகள் நூற்றுக்கணக்கான கால்களாகப் பிரிந்து பாலைவனத்துக்குள் பரவுகின்றன. பல வருடம் மணலாகக் கிடந்து, எங்கோ வடக்கே பெய்த மழை வாரக்கணக்கில் நடந்து வந்து சேரும்போது அகலம் தெரியாத வெள்ளமாகும். வடிந்த பின் வளரும் புல்லை நம்பித்தான் அங்கத்திய மாட்டுப் பண்ணைகள். தெற்கு ஆஸ்திரேலியாவின் அன்னா கிரீக் பண்ணை ஒன்றே 15,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டும். அங்கே முதலாளி ஒருவர், வேலி ஒன்று. மைசூரில் முதலாளி அரசர், வேலி கிடையாது. சுற்றுக் கிராமத்து ஆடுமாடுகளுக்கு இன்ன பருவத்தில் மேயலாம் என்று சலுகையும் இருந்தது. தமிழ்நாட்டுக் காங்கேயம் பக்கத்துக் கொரங்காடுகள் மூன்றாவது வகை. முள்கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக, ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொந்தமான மேய்ச்சல் காடு. சொந்தம் என்று பட்டா இருந்ததால்தான் கொரங்காடு இன்றுவரை கொஞ்சமாவது தப்பித்திருக்கிறது என்று வாதாட இடமுண்டு.

விற்றார்கள், வருந்தினார்கள்

1799-க்குப் பின் மந்தை முதலில் மைசூர் அரசிடமே விடப்பட்டது. கவனிப்பில்லாமல் இளைத்தது. 1813-ல் சென்னை ராணுவத்தின் கமிஸேரியட் அதை எடுத்துக்கொண்டு கேப்டன் ஹார்வி என்பவரைப் பொறுப்பில் வைத்தது. பத்து வருடத்தில் மந்தை இரட்டித்தது. மைசூர் மாவட்டத்தில் லட்சுமணதீர்த்த நதிக்கரையிலுள்ள ஹுன்சூர் இந்த இலாகாவின் முக்கிய இடமாயிற்று. கூடவே ராணுவத்துக்குத் தோல் பதனிடும் தொழிற்சாலை, கம்பளி நெசவு. ஸ்பெயினில் நெப்போலியனின் படைகளோடு மோதிக்கொண்டிருந்த வெலிங்டன், மைசூரில் தன் பீரங்கிகளை இழுத்த காளைகள் இங்கே இல்லையே என்று அடிக்கடி ஏங்கினாராம்.

1860-ல் சென்னை கவர்னர் சர் சார்லஸ் டிரெவிலியனுக்குச் சிக்கனம் பிடித்தது. மாட்டு இலாகா எதற்கு என்று கலைத்தார். மந்தை ஏலத்தில் போயிற்று. நல்ல மாடுகளில் பலவற்றை எகிப்து பாஷாவின் ஆட்கள் வாங்கிக் கப்பலேற்றினார்கள். சில வருடத்திலேயே ராணுவத்துக்குக் காளை கிடைக்காமல் தவித்து, 1866-ல் மறுபடி மந்தை சேர்க்க உத்தரவாயிற்று. அப்போது மைசூர் மகாராஜா தம்மிடமிருந்த நல்ல பசுக்களையும் பொலிகாளைகளையும் இனாமாகக் கொடுத்து உதவினார். 1880-களின் தொடக்கத்தில் இலாகா முழுவதும் மைசூர் அரசுக்கே திரும்பியது. இன்று இந்த இனத்தின் தாய்வீடு சிக்கமகளூர் மாவட்டம் அஜ்ஜம்புராவிலுள்ள அரசு கால்நடைப் பண்ணை.

ரயிலும் லாரியும் வந்த பிறகு பீரங்கி இழுக்க மாடு தேவைப்படவில்லை. மாடு தேவைப்படாதபோது காவல் யாருக்கு? சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று உழவுக்குக் கொடுத்தார்கள். நிலமற்றோருக்குக் கொடுத்தார்கள். காடு வளர்க்கிறோம் என்று யூகலிப்டஸ் நட்டார்கள். இன்னொரு பக்கம் தானாக வந்து குடியேறியது சீமைக் கருவேலம். தமிழ்நாட்டில் வேலிகாத்தான் என்று பெயர் வாங்கிய அதே மரம். கன்னடத்தில் 'பள்ளாரி ஜாலி'. பெயரில் பள்ளாரி இருந்தாலும் வந்தது அமெரிக்கக் கண்டத்திலிருந்து.

தலைகீழாகிய ஆறு

வேதவதியின் பிறப்பு ஈரமானது. சிக்கமகளூரின் பாபாபுடன் மலையில் வேதா, அவதி என்று இரண்டு ஓடைகள். ஒன்று அய்யனகெரேயையும் மற்றது மதகத கெரேயையும் நிரப்பிவிட்டு, கடூர் அருகே கூடி வேதவதியாகிறது. மழைமலையில் பெற்றதை வறண்ட சமவெளிக்குச் சுமந்து வருவதுதான் அதன் வேலை. ஹிரியூர் தாலுகாவில் இரண்டு குன்றுகளுக்கிடையே மாரிகணிவே என்ற குறுகலான கணவாய். அந்த வாயை அடைத்து 1898-ல் அணை கட்டத் தொடங்கினார்கள். அரியணையில் சிறுவன் நான்காம் கிருஷ்ணராஜ உடையார். அவர் சார்பில் ஆண்ட தாய் மகாராணியின் பட்டப் பெயரால் அணைக்கு வாணி விலாச சாகரம் என்று பெயர். திவான், பாலக்காட்டுத் தமிழர் கே. சேஷாத்ரி அய்யர். 1907-ல் வேலை முடிந்தது. கொள்ளளவு 30 டி.எம்.சி., முழு நீர்மட்டம் 130 அடி.

கணக்கில் ஒரு சின்னச் சிக்கல். அந்த ஆறு 30 டி.எம்.சி.யை எளிதில் தருவதாயில்லை. அணை முதன்முதலில் நிரம்பி வழிந்தது 1933-ல். அடுத்தது 2022 செப்டம்பரில். நடுவில் 89 வருடம். மூன்றாவது 2025 ஜனவரியில்; பத்ரா ஆற்றிலிருந்து இறைத்துவிடப்பட்ட தண்ணீரும் அதற்குக் கைகொடுத்தது. ஹிரியூருக்கு நெல்லும் தென்னையும் கொடுத்த அணை அது, சந்தேகமில்லை. ஆனால் அணைக்குக் கீழே ஹிரியூரைத் தாண்டி வடக்கே திரும்பிச் சள்ளகெரேவுக்குள் நுழையும் வேதவதி, ஒரு நூற்றாண்டாகத் தன் தலைநீரை அநேகமாகப் பார்க்காத ஆறு. வழியில் சேரும் சுவர்ணமுகியும் உள்ளூர் ஹள்ளங்களும் செப்டம்பர், அக்டோபரில் கொடுப்பதே அதற்கு வரவு. மிச்ச மாதங்களில் மணல்.

அந்த மணல் சும்மா கிடப்பதில்லை. ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தைத் தொட்டு, பள்ளாரி பக்கம் ஹகரி என்று பெயர் மாற்றிக்கொண்டு துங்கபத்ராவை நோக்கிப் போகும் வழியில், காய்ந்த படுகை மணலைப் பருவக்காற்று வாரிக் கரையோர வயல்களில் குவிக்கிறது. கனேகல், பொம்மனஹாள் வட்டாரத்தில் ராஜஸ்தானை நினைவூட்டும் மணல்மேடுகள் எழுந்து நிற்கின்றன. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக நகரவும் செய்கின்றன. தென்னிந்தியாவில் பாலைவனம் உருவாகிறது என்று பத்திரிகைகள் எழுதும்போதெல்லாம் படம் எடுக்கப்படும் இடம் இதுதான்.

இந்த ஆற்றுச் சரிவில் மாடு மேய்த்த முதல் ஆட்கள் மைசூர்க்காரர்கள் அல்ல. பள்ளாரி அருகே குடத்தினியிலும் குப்கல்லிலும் சாம்பல் மேடுகள் இருக்கின்றன. எரிமலைச் சாம்பல் என்றும் அரக்கனை எரித்த சாம்பல் என்றும் சொல்லப்பட்டு வந்தவை. 1957-ல் உத்னூரில் இதுபோன்ற மேட்டைத் தோண்டிய ஆல்சின், அது புதிய கற்காலத்து மாட்டுப்பட்டிகளில் சேர்ந்த சாணம் மீண்டும் மீண்டும் எரிக்கப்பட்ட குவியல் என்று காட்டினார். வயது 4,000 ஆண்டுக்கும் மேல். மொளகால்மூரு தாலுகாவின் பிரம்மகிரியில் அசோகன் தன் சாசனத்தை வெட்டிவைத்தபோதே இங்கு மேய்ச்சல் பழங்கதை.

பட்டியும் ஓடுபாதையும்

இன்று காவலைச் சுற்றியிருக்கும் கிராமங்களில் காடுகொல்லர்களும் மியாசபேடர் எனப்படும் நாயக்கர்களும் அதிகம். காடுகொல்லர்களின் குடியிருப்புக்குப் பெயர் ஹட்டி, முள்வேலி சூழ்ந்தது. அவர்களுடைய வீரன் ஜுஞ்சப்பன், மாடு மேய்த்தே தெய்வமானவன். அவன் கதையை ஆளுயரப் புல்லாங்குழலோடு பாடுவார்கள். நாயக்கர்களிடம் 'தேவர எத்து' என்ற வழக்கம் உண்டு. தெய்வத்துக்கு விடப்பட்ட மாட்டு மந்தை. ஏரில் பூட்டுவதில்லை, விற்பதில்லை. அதை மேய்க்கவென்று நோன்பிருக்கும் கிலாரி ஒருவர். இந்த மந்தைகளும் காவல் புல்லைத்தான் நம்பியிருந்தன. அதே புல்லில் மேய்ந்த செம்மறியின் ரோமத்தில் நெய்த கம்பளிக்குச் சள்ளகெரே பெயர்போன சந்தை. கோடை வந்தால் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பாசனப் பகுதிகளுக்குப் போய் வயலில் கிடை போட்டுத் தானியம் வாங்கிவருவது இங்கும் வழக்கம். ராமநாதபுரத்துக் கீதாரிகள் தஞ்சாவூர் வயலுக்குப் போவதைப் பார்த்தவர்களுக்குப் புதிதாகத் தோன்றாது.

இந்த நிலத்தில் சுமார் 8,000 ஏக்கர், 2009-ஐ ஒட்டிய ஓரிரு வருடங்களில், பெரும்பாலும் குதாபுரம், உள்ளார்த்தி, வரவு காவல்களிலிருந்து, நாட்டின் பெரிய அறிவியல் நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 4,000 ஏக்கருக்கு மேல். பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்குச் சுமார் 1,800. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு 1,500. விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்கு 570-க்கு மேல். சூரிய மின்சாரத்துக்கென ஒரு தனியார் நிறுவனத்துக்கும் நிலம். அறிவியல் நகரம் என்று பெயர் சூட்டப்பட்டது. பல கிராமத்தார் இதைத் தெரிந்துகொண்டது மதில் சுவர் எழும்பியபோதுதான்.

மக்கள் மறியல் செய்தார்கள், பெங்களூரின் சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு வழக்கைக் கொண்டுவந்தது. வழக்கின் மையக் கேள்வி எளிமையானது. இது யாருக்கும் பயன்படாத தரிசா, அல்லது ஒரு வாழ்க்கைமுறையின் அஸ்திவாரமா? வனச் சட்டத்தில் காவல்கள் மாவட்ட வனம் என்ற வகையில் வருகின்றன. வருவாய்த்துறை ஏட்டிலோ அரசு நிலம். தீர்ப்பாயம் நிபுணர்களை அனுப்பிப் பார்த்தது. இடைக்காலத்தில் கட்டுமானத்தை நிறுத்திவைத்தது. 2014-ல் வந்த தீர்ப்பு, நிபந்தனைகளோடு திட்டங்கள் தொடரலாம் என்றது. 2017 மே மாதம் பாதுகாப்பு அமைச்சர் அருண் ஜேட்லி விமானச் சோதனைத் தளத்தைத் திறந்துவைத்தார். ஆளில்லா விமானங்கள் அதன் பிறகு அங்கிருந்துதான் எழும்புகின்றன.

தேசத்தின் பாதுகாப்புக்கு ஒரு சோதனைத் தளம் தேவை என்பதை மறுப்பது கடினம். திப்புவுக்கும் இந்தக் காவல் ராணுவ நிலம்தான். வித்தியாசம், அவருடைய பீரங்கி வண்டி ஓடுவதற்குப் புல் தேவைப்பட்டது என்பதே. மாட்டை விட்டுவிட்டால் மீதிப் பட்டியலும் நீளம்: வெளிமான், ஓநாய், தரையில் முட்டையிடும் பறவைகள். கானமயில் என்னும் பெரும்பறவை பள்ளாரி மாவட்டம் சிரகுப்பா பக்கம் விரல்விட்டு எண்ணும் நிலையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கும் இதே மாதிரித் திறந்த புல்வெளிதான் வேண்டும். கடூர் தாலுகாவின் பாசூர்க் காவலை 2011-ல் வெளிமான்களுக்கான பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவித்தார்கள். ஒரு காவலாவது பெயருக்கேற்ற காவலில் இருக்கிறது.

மதில் தடுப்பது மாட்டை மட்டுமல்ல. சரிவு தெரியாத நிலத்தில் நீண்டதொரு சுவரும் ஓடுபாதையும் சாலையும் எழுந்தால், மழைநாளில் ஹள்ளம் எந்தப் பக்கம் போக நினைத்ததோ அந்தப் பக்கம் போக முடியாது. ஒரு கெரேவுக்கு வரவேண்டியது வேறெங்கோ தேங்கும். வழக்கின்போது கிராமத்தார் எழுப்பிய அச்சங்களில் தண்ணீரும் ஒன்று.

இதற்கிடையே தண்ணீரே தேடி வருகிறது. துங்கா, பத்ரா நீரைக் கிழக்கே திருப்பும் மேல் பத்ரா திட்டத்துக்கு 2023 மத்திய பட்ஜெட் 5,300 கோடி ரூபாய் அறிவித்தது. சிக்கமகளூர், சித்ரதுர்கா, தும்கூர், தாவணகெரே மாவட்டங்களில் 2,25,515 ஹெக்டேருக்குச் சொட்டு நீர்ப் பாசனம், 367 ஏரிகளுக்கு நிரப்புத் தண்ணீர் என்பது இலக்கு. சள்ளகெரே விவசாயிகள் பல வருடங்களாகக் கேட்டுவருவது இதைத்தான். குழாய்க் கிணறு வற்றி வேர்க்கடலை காய்ந்த வருடங்களை எண்ணினால் அவர்கள் கேட்பதில் நியாயமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மேய்ப்பர்களின் கணக்கு மட்டும் கொஞ்சம் வேறு. ஏரி வருடம் முழுக்க நிரம்பியிருந்தால் குடிநீர் உண்டு, ஆனால் அதன் உள்வாயில் கோடைப்புல் முளைக்காது. மேட்டுக் காவல் மதிலுக்குள் போயிற்று. வற்றும் ஏரியின் பச்சை ஒன்றுதான் மே மாதத்துக்கு மிச்சமிருந்தது.